அய்யாக்கண்ணு லாரியில் வேறு எஞ்சின்

வேலை சட்டென்று முடிய வேண்டும் என்கிறவர்கள் என் பட்டறைக்கு வர வேண்டாம். பினாங்கில் டத்தோ கிராமட் சாலையில் எனக்கு நேர் எதிரே ஒரு சீனர் பட்டறை வைத்திருக்கிறார், அங்கே போகலாம். என் பெயர் சிக்கந்தர், அண்ணன் என்கிற முறையில் பலருக்கு நானா. என் கையில் சிக்கிய வண்டி ஒரு வாரமாவது என்னிடம் நிற்கும். ஊரில் என்னைச் சோம்பேறி என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். என் மனைவி காமாரியா மவுத்தான பிறகு வீட்டில் என்னிடம் பேச ஆள் கிடையாது. வண்டி பட்டறையில் நின்றால் அதன் சொந்தக்காரன் தினமும் வந்து ஆச்சா, ஆச்சா என்று கேட்பான். திட்டுவான். திட்டிக் களைத்ததும் உட்கார்ந்து தன் வீட்டுக் கதையைச் சொல்வான். வண்டியைக் கொடுத்துவிட்டால் எவன் வரப் போகிறான்? எனக்குத் தனிமை பிடிக்காது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சோம்பேறிப் பட்டத்தையே வைத்துக்கொண்டேன்.

வடிவம்மாளின் லாரி மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுக்கப்பட்டு வந்தது. தண்ணீர்மலைப் பக்கம் மாடு வளர்த்துப் பால் விற்கிற பெண். பிள்ளை இல்லை. அவள் புருஷன் அய்யாக்கண்ணுவை எனக்கு முகம் தெரியும். பாலிக் புலாவிலிருந்து டுரியானும் ஜாதிக்காயும் ஏற்றி வருகிற உயரமான ஆள். எஞ்சின் காற்றாடியில் விரலைக் கொடுத்து இடது கைக் கட்டைவிரலில் பாதியை இழந்தவன். ரப்பர் விலை விழுந்து ஊரே கூலிக்கு அலைந்த வருஷம், ஃபெரியில் லாரியை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டி அக்கரைக்குச் சவாரி போனவன் திரும்பவே இல்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், பெருநிலத்தில் தோட்டம் தோட்டமாகத் தேடினார்கள். ஆளும் இல்லை, வண்டியும் இல்லை.

அந்த வண்டிதான் இப்போது என் முன்னால் நின்றது.

“எப்பத் தங்கச்சி கெடச்சுது?” என்றேன்.

“தைப்பூசத்துக்கு மொத நாள் நானா. காவடிக் கூட்டத்துல தெருவுல கால் வைக்க முடியல. ஒரு மலாய்க்காரப் பையன் வாசல்ல வண்டிய நிறுத்தி சாவியக் கையில குடுத்தான். அக்கரையில ஃபெரி ஏறுற எடத்துல, பட்டர்வொர்த் ஜெட்டியில, யாரோ ஒருத்தர் கூலி குடுத்து, இந்த வீட்டுல விட்டுட்டு வான்னு சொன்னாராம். எப்படி இருந்தாருன்னு கேட்டேன். தலையில துண்டு கட்டின தமிழாளுன்னான்.”

பட்டர்வொர்த் ஜெட்டியில் தலையில் துண்டு கட்டாத தமிழாளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“சரி, வண்டிக்கு என்ன?”

“காய்கறிக்காரர் ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஏத்தத்துல புகையக் கக்கிட்டு நின்னுடுச்சு. அது கெடக்கட்டும், நான் அதுக்கு வரல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் காய்கறிக்காரர்தான் சொன்னாரு, இது இந்த லாரியோட எஞ்சின் இல்ல, வேற எதையோ மாத்தியிருக்காங்கன்னு. இங்கேருந்து போறப்போ பழைய எஞ்சின்தான் இருந்துச்சு. அப்ப, இத எங்க மாத்துனாங்களோ அங்கதானே அவரு இருந்திருப்பாரு? இது எந்த எஞ்சின், எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

அவளுக்கு அவசரம் இருந்தது. பழனியப்பன் என்று அய்யாக்கண்ணுவின் பங்காளி ஒருவன், அந்தக் குடும்பத்துக்கே நாட்டாமை. வண்டி வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு: ஆள் எங்கோ செத்துவிட்டான், யாரோ நல்லவன் வண்டியை மட்டும் அனுப்பியிருக்கிறான், ஆடி அமாவாசைக்குள் கருமாதியை முடித்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள்.

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்கலாமா நானா? பாவம் இல்லியா? செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு தெரியணும். இருக்காருன்னா இருக்காருன்னு தெரியணும். நடுவுல என்னால நிக்க முடியல.”

நான் பானட்டைத் திறந்தேன். காய்கறிக்காரன் சொன்னது சரி. அந்த லாரியின் சொந்த எஞ்சினுக்கு வால்வு எல்லாம் தலைமேல் இருக்கும். இதற்குத் தலை மொட்டையாக, தட்டையாக இருந்தது. வால்வு பக்கவாட்டில். கியர்பெட்டியோடு சேர்ப்பதற்குக் கையால் அறுத்த கனத்த தகடு, உட்கார வைப்பதற்குக் கொல்லன் அடித்த இரும்புத் தாங்கிகள். செய்தவன் கைகாரன். கம்பெனிப் பெயர் பொறித்த பட்டை இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை.

பினாங்கில் ஓடுகிற எஞ்சின்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டிருந்தவன் நான். இதைப் பார்த்து எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. காரிலும் பார்த்ததில்லை, லாரியிலும் பார்த்ததில்லை.

முன்பக்கம் ஓரமாக ஒரு தகடு இருந்தது, உள்ளங்கை அகலம். எஞ்சினில் ஏதோ ஒரு பாகம் பொருந்த வேண்டிய வாயை அதைப் போட்டு மூடியிருந்தார்கள். கழற்றிப் பார்த்திருந்தால் பாதி விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் கழற்றவில்லை. அந்தத் தகட்டின் மேல் மஞ்சளும் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு வைத்திருந்தது.

இந்த ஊரில் எங்கள் ஆட்கள் பட்டறைகளில் இது ஒரு வழக்கம். இந்துக்கள் வண்டியில் பொட்டு இருந்தால் அதைச் சுற்றித் துடைப்போம், சுற்றிக் கழற்றுவோம், அதன் மேல் மண்ணெண்ணெய்த் துணி படாது. அடுத்தவர் சாமி விஷயம், நமக்கெதற்கு வம்பு. வண்டி வீடு திரும்பிய சந்தோஷத்தில் வடிவம்மாள் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

எஞ்சினின் தலையைக் கழற்றினேன். தலைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட் எரிந்து போயிருந்தது. அதனால்தான் ஏற்றத்தில் புகை. பழைய கேஸ்கட் கையோடு பொடிப்பொடியாக வந்துவிட்டது. காக்கித் தாளை எஞ்சின் முகத்தில் விரித்து எண்ணெய்க் கையால் தடவினேன். ஒவ்வொரு ஓட்டையும் தாளில் கறுப்பாக விழுந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். உதிரி சாமான் கடைகளில் கேஸ்கட்டுகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். தாளை விரித்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது. சூலியா தெரு முழுக்கப் பார்த்தேன், பிராங்கின் சாலை முழுக்கப் பார்த்தேன். ஒரு ஓட்டை பொருந்தினால் இன்னொன்று பொருந்தாது.

வடிவம்மாள் தினமும் வருவாள். பால் ஊற்றி முடித்த பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். மற்றவர்களைப் போல ஆச்சா என்று கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள், தெரிந்துகொள்வாள், போய்விடுவாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பு வந்தது. அவள் நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கடைசியில் மிஞ்சியது அப்துல் ஹமீதின் கடை. ஹமீது என் பழைய கூட்டாளி. ஒரு கந்தூரி விருந்தில், அமெரிக்க எஞ்சின் ஒசத்தியா, இங்கிலாந்து எஞ்சின் ஒசத்தியா என்று பேச ஆரம்பித்து, சட்டையைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து முகம் பார்ப்பதில்லை. இரண்டு கிழட்டுக் கழுதைகள் எஞ்சினுக்காகச் சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. நான் படியேறியதும் அவன் தலையைத் தூக்கினான்.

“என்னா சிக்கந்தரு, வழி தவறிட்டியா?”

நான் தாளை விரித்தேன். அவன் குனிந்து பார்த்தான். எழுந்து உள்ளே போனான். தூசி தட்டி ஒரு கேஸ்கட்டைக் கொண்டுவந்து தாளின் மேல் வைத்தான். ஓட்டைக்கு ஓட்டை உட்கார்ந்தது.

“இங்கிலாந்து எஞ்சின்,” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மன்னித்துவிட்டேன். “வண்டில வர்றதில்ல இது. தண்ணி எறைக்கிறதுக்குன்னு செஞ்சது. உனக்கு எங்க லா தெரியப் போவுது.” மலாய்க்காரர்களைப் போல எதற்கும் ஒரு லா சேர்த்துப் பேசுகிறவன் அவன்.

“யாருக்கு வித்தே?”

“அக்கரையில ஒரு நெல்லு ஆலையில இது ஓடிச்சு. அவங்களுக்காக வாங்கி வச்சதுதான். ஆலைக்காரங்க புதுசு வாங்கினதும் பழசத் தூக்கிப் போட்டாங்க. அங்க லாரி ஓட்டுற டிரைவர் அதக் கேட்டு வாங்கித் தன்னோட லாரியில மாட்டிக்கிட்டான். கெட்டிக்காரன். தாங்கியெல்லாம் அவனே நின்னு அடிச்சான், நான் பார்த்தேன்.”

“எப்படி இருப்பான் அவன்?”

“ஒசரமா இருப்பான். இடது கைக் கட்டைவெரலு பாதிதான்.”

நான் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.

“நல்லா இருக்கானா?”

“போன மாசம் சாமான் குடுக்கப் போனேன். ஆலை லாரியில மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தான். அவனுக்கு என்னா? ஏன் லா கேக்குறே?”

ஒன்றுமில்லை என்றேன். ஹமீது ஊரின் பெயரையும் சொன்னான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று பிறகு தெரியும். கிளம்பும்போது ஹமீது என் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பட்டறைக்கு வருகிறேன், அந்த எஞ்சின் ஓடுகிற சத்தத்தை உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் தெருவில் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை வடிவம்மாள் வந்தபோது என் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இருக்காரு தங்கச்சி,” என்றேன். “உசுரோட, நல்லா இருக்காரு. பார்த்தவங்க இருக்காங்க.”

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அழுகையோடேயே சிரித்தாள். “நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. பழனியப்பனிடமாக இருக்கும்.

நான் அதோடு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கலாம். என் வித்தையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது? வாய்ப்பேச்சு மட்டும் போதாது, கண்ணால் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று அவளை லாரிப் பக்கம் கூப்பிட்டேன். பானட்டைத் தூக்கினேன்.

“இது தண்ணி எறைக்கிற எஞ்சின். ஒரே வேகத்துல ஓடணும்னு அதுக்குன்னு ஒரு பாகம் இங்க மாட்டியிருப்பாங்க. லாரிக்கு அது வேண்டாம்னு கழட்டிட்டு இந்தத் தகட்டப் போட்டு மூடியிருக்காரு. தொறந்தா உள்ள அதோட பல்லுச் சக்கரம் தெரியும், நீங்களே பார்க்கலாம். நீங்க வச்ச பொட்டு இருக்கிறதால நான் தொடல. கழட்டட்டுமா?”

“நான் பொட்டு வைக்கலியே,” என்றாள்.

“வண்டி வந்தப்போ வச்சிருப்பீங்கன்னு...”

“நான் இந்த மூடியத் தொறந்ததே இல்ல நானா.”

“அப்ப அவரே வச்சிருப்பாரு. இன்னும் நல்லதாப் போச்சு.”

அவள் கிட்டே வந்து குனிந்தாள். சூட்டில் மஞ்சள் கறுத்து, குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவரு வைக்க மாட்டாரு,” என்றாள். “ஆயுத பூசைக்கு வண்டியக் கழுவி நிறுத்திட்டு, தட்ட என் கையில குடுத்துட்டுத் தள்ளி நிப்பாரு. வீட்டுப் பொம்பளதான் வைக்கணும்பாரு. ஆம்பளைங்க வச்சா துன்னூற இழுத்து விட்டுட்டுப் போயிடுவாங்க. இது மொதல்ல மஞ்சளத் தடவி, அது மேல சந்தனம், நடுவுல மோதிர வெரலால குங்குமம். பொறுமையா வச்சிருக்கா.”

நான் பானட்டை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

அவள் விரல் தகட்டுக்குக் கீழே இறங்கியது. அங்கே எஞ்சின் ஓரத்தில் குங்குமம் தாறுமாறாக அப்பியிருந்தது. நான் அதை இத்தனை நாளும் வழிந்த குங்குமம் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் மூன்று சின்ன விரல் தடங்கள் தெரிந்தன. என் சுண்டுவிரல் நுனியைவிடச் சின்னவை.

“இம்புட்டு ஒசரம் எட்டாது,” என்றாள் வடிவம்மாள். “இடுப்புல தூக்கி வச்சிருக்காங்க. அது நானும் வைப்பேன்னு அடம் பிடிச்சிருக்கும்.”

எதிர்ப் பட்டறையில் யாரோ இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் லாரியின் பக்கப் பலகையைக் கையால் தடவினாள்.

“என் நகைய வித்து வாங்கின வண்டி இது,” என்றாள் பிறகு. “பொருளு என்னோடதுன்னு ஓடுற மாதிரி செஞ்சு திருப்பி அனுப்பிட்டாரு. அவரு நல்ல மனுசன்தான். கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்காரு, எனக்குத்தான் புரியல.”

“தங்கச்சி, எந்த ஊருன்னு...”

“சொல்லாதீங்க.” என் முன்னால் கையை நீட்டித் தடுத்தாள். “தெரிஞ்சா ஒரு நாள் இல்ல ஒரு நாள் போயிடுவேன். இல்லாட்டி பழனியப்பன் என்கிட்டேருந்து ஊர்ப் பேரப் புடுங்கிடுவாரு. நாலு ஆளக் கூட்டிட்டுப் போயி அடிச்சு இழுத்துட்டு வருவாரு. அந்தப் புள்ள பாத்துக்கிட்டு நிக்கும். வேண்டாம். எஞ்சின் எதுன்னு தெரியலன்னு சொல்லிடுங்க. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க.”

“அப்ப கருமாதி?”

“அது நடக்காது. உயிரோட இருக்கிறவருக்கு நான் எப்படிப் பண்ணுவேன்? பைத்தியம்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்.”

பாத்திரத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தகட்டைக் கழற்ற வேண்டாம், பொட்டு அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். சாலையைக் கடந்து போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு வலித்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் ஹமீது கொடுத்த கேஸ்கட்டைப் போடவில்லை. செம்புத் தகடும் கல்நாரும் வாங்கி, அந்தத் தாளை வைத்து நானே ஒன்று வெட்டினேன். இரண்டே நாளில் லாரி ஓடியது. காய்கறிக்காரனைக் கூப்பிட்டு அனுப்பி, அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவன் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தான்.

பழனியப்பன் வந்தான். மீசையை நீவிக்கொண்டே, எந்த எஞ்சின் என்று கண்டுபிடித்தாயா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். “பெரிய மெக்கானிக்குன்னு சொன்னாங்க, இதுகூடத் தெரியலியா உனக்கு?” என்றான், பட்டறை வாசலில் நாலு பேர் கேட்கும்படி. வேறு சமயமாக இருந்தால் ஸ்பேனரால் பதில் சொல்லியிருப்பேன். தெரியவில்லை என்று மறுபடியும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹமீது வந்தான். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கையில் ஒரு பொட்டலம் வடை. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன். லாரி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, “எங்க லா என் எஞ்சின்?” என்று சிரித்தான்.

அவன் வாய் சும்மா இருக்காது. ஊரில் பாதிக் கடைக்கு அவன்தான் செய்தி சொல்கிறவன். பழனியப்பன் அவன் கடைப் படியேற எவ்வளவு நேரம் ஆகும்? அது வேறு எஞ்சின் என்று நம்பினால்தான் அந்த டிரைவரைப் பற்றி இவன் பேச்செடுக்க மாட்டான்.

நான் கேஸ்கட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஒரு கறைகூடப் படாமல் வைத்திருந்தேன்.

“பொருந்தல ஹமீது. நீ சொன்ன எஞ்சின் இல்ல அது.”

“நான் கண்ணால பாத்தேனே, ஓட்டைக்கு ஓட்டை...”

“தாளுல பொருந்துச்சு. எஞ்சினுல பொருந்தல. நீ தப்பாச் சொல்லிட்டே. நானே வேற வெட்டிப் போட்டு அனுப்பிட்டேன்.”

அவன் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேஸ்கட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். “திரும்ப வம்புக்குத்தான் வந்தியா என் கடைக்கு?” என்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

வாசலில் நின்ற வண்டி எதுவும் இல்லை, வர வேண்டிய ஆளும் இல்லை. இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரையும் நானே குடித்தேன்.